தோப்பு வீட்டில் பாம்பைக் கண்டால்

தென்னையும் மாவும் சூழ்ந்த வீட்டுக்குப் பாம்பு வரத்தான் செய்யும். மட்டைக் குவியலில் எலி இருக்கும். எலியைத் தேடிப் பாம்பு வரும். கண்டதும் கம்பைத் தேடாமல், நாலடி பின்வாங்கி நின்று பாருங்கள்.

பகலில் வேலியோரம் விரைந்து ஓடுவது பெரும்பாலும் சாரை. பெரிய கண், உதட்டோரம் கறுப்புக் கோடுகள். படம் எடுக்காது, நஞ்சும் கிடையாது. நல்ல பாம்பு என்று எண்ணியே எத்தனையோ சாரைகளை அடித்துக் கொன்றுவிட்டோம். கடிபட்டவரின் பிணம் எரிவதை மரமேறிப் பார்க்கும் என்று பழி சுமக்கும் கொம்பேறி மூக்கனும் நஞ்சற்றதே.

அஞ்ச வேண்டியது கட்டுவிரியனுக்கு. பளபளக்கும் கருமேனியில் மெல்லிய வெள்ளைப் பட்டைகள், பெரும்பாலும் இரண்டிரண்டாக. கழுத்துப் பக்கம் மங்கி, வால் பக்கம் தெளியும். நஞ்சற்ற வெள்ளிக்கோல் வரையனுக்குக் கழுத்தில் தெளிந்து வாலில் மங்கும். குட்டிகளில் இந்த அடையாளம் ஏமாற்றிவிடும். ஆகவே இதை நம்பி எதையும் கையில் எடுக்காதீர்கள். கட்டுவிரியன் இரவில், தரையில் தூங்குபவரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரிதாக இராது. விடியலில் வயிற்றுவலி, இமை சரிவு, விழுங்க முடியாமை என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கட்டிலும், ஓரங்களைச் செருகிய கொசுவலையும் உயிர்காக்கும்.

முதுகில் சங்கிலிபோல் மூன்று வரிசைப் புள்ளிகளோடு குக்கர்போலச் சீறுவது கண்ணாடி விரியன். இருட்டில் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் தோப்பில் இறங்காதீர்கள்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி நல்ல பாம்பு, சாரை, கண்ணாடி விரியன் போன்றவற்றைக் கொல்வதும் பிடித்து வைப்பதும் தண்டனைக்குரிய குற்றம். உயிரைக் காத்துக்கொள்ள நேர்ந்த செயலுக்கு விலக்கு உண்டு. வீட்டுக்குள் புகுந்தால் கதவைச் சாத்திவிட்டுத் தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ அழையுங்கள்.

கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலைக்கு ஓடுவது எதுவும் வேண்டாம். மோதிரம், மெட்டியைக் கழற்றி, கடிபட்ட கை காலை அசைக்காமல் 108 ஆம்புலன்ஸில் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கே நஞ்சுமுறி மருந்து இலவசம். அது உங்கள் உரிமை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே மருந்துதான். அதனால் கடித்த பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. செத்த பாம்பின் தலையும் கடிக்கும்.