முறுக்கு உரலுக்கும் ஒரு பொட்டு

புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள் நவராத்திரி தொடங்குகின்றது. முதல் மூன்று நாள் துர்க்கையம்மனுக்கும், நடு மூன்று நாள் திருமகளுக்கும், இறுதி மூன்று நாள் கலைமகளுக்கும் உரியன என்பதை மெய்யன்பர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆலயச் செயலாளர் என்ற முறையில் ஒவ்வோர் ஆண்டும் உபயப் பட்டியலையும் அம்பாளின் அலங்காரச் சிறப்பையும் இம்மலருக்கு எழுதி அனுப்புவதே என் வழக்கம். இவ்வாண்டு அவற்றை ஆலய அறிவிப்புப் பலகைக்கு விட்டுவிட்டேன். தீபாராதனை நடக்கும் நேரத்தில் பெரும்பாலும் சன்னிதியில் காணப்படாத ஒருவரைப் பற்றி எழுத விரும்புகின்றேன். அவர் நம் இல்லத்துத் தாய்.

இதற்குக் காரணம் சென்ற ஆண்டு நடந்த ஓர் ஆலோசனைக் கூட்டம். நவராத்திரிக்குச் சுண்டல் செய்யவும் மாலை கட்டவும் மகளிரைப் பிரித்து நானே ஒரு பட்டியல் தயாரித்திருந்தேன், எவரையும் கேட்கவில்லை. வருவோர் தொகை குறைந்துவிட்டதே என்ற வருத்தத்தில், "இக்காலத்துப் பெண்கள் முறுக்கைக் கடையில் வாங்குகின்றனர். கொலுப்படி கட்ட நேரமில்லை என்கின்றனர். கைப்பேசியைப் பார்க்க மட்டும் நேரமிருக்கின்றது" என்று பேசியும் விட்டேன். முன்வரிசைப் பெரியவர்கள் கைதட்டினர்.

பின்வரிசையிலிருந்து ஒரு தாய் எழுந்தார். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். நகரில் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதுபவர். "அண்ணே, நான் காலை ஐந்து மணிக்கு எழுகிறேன். பிள்ளைகளுக்குச் சோறு கட்டி, பள்ளிக்கு அனுப்பி, வேலைக்குப் போய்த் திரும்ப இரவு ஏழு மணி ஆகிறது. உங்கள் பூசையும் ஏழு மணிக்குத்தான். எல்.ஆர்.டி.யில் போகும் அரை மணி நேரந்தான் எனக்கென்று இருப்பது. கைப்பேசியில் நான் கதை படிக்கிறேன். அதுவும் கூடாதா?" என்று கேட்டு அமர்ந்துவிட்டார். இம்முறை ஒருவரும் கைதட்டவில்லை. நான் அடுத்த அம்சத்துக்குச் சென்றேன். கதை படிக்கிறேன் என்ற அந்தச் சொல் மட்டும் வீடு வரை என்னோடு வந்தது.

என் தாயாரும் கதை படித்தவர்.

செந்தூலின் பழைய முகம் இரயில்வே பட்டறை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்து, 1945ஆம் ஆண்டு நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சுக்கு இலக்காகி, மீண்டும் எழுந்து இயங்கிய அப்பட்டறையை நம்பித்தான் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இங்கே வேரூன்றின. என் தந்தையார் அங்கே பணிபுரிந்தவர். ஆயுத பூசையன்று பட்டறையிலிருந்து பொரியும் பொட்டுக்கடலையும் அவல் உருண்டையும் கட்டிக்கொண்டு வருவார். ஆனால் எங்கள் வீட்டுப் பூசை அதற்கு முன்பே அம்மாவின் கையால் முடிந்திருக்கும்.

பூசையறை என்று தனியாக ஒன்று குடியிருப்பு வீட்டில் ஏது? சுவரில் அடித்த ஒரு பலகைதான். அதன் கீழே மணை போட்டு எங்கள் பள்ளிப் புத்தகங்களை அடுக்குவார். பக்கத்தில் அப்பாவின் பழைய ஸ்பேனர். அதற்கும் பக்கத்தில் தம்முடைய கருவிகளை வைப்பார்: தையற் கத்தரிக்கோல், அச்சுமுறுக்கு வார்க்கும் நீண்ட பிடி அச்சு, பித்தளை முறுக்கு உரல். எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. மூலையில் இருக்கும் தையல் இயந்திரத்தை நகர்த்த இயலாதாகையால் அதற்கு இருந்த இடத்திலேயே ஒரு பொட்டு. "ஸ்பேனர் சோறு போடுது, உரல் பலகாரம் போடுது, ரெண்டும் ஆயுதந்தான்" என்பார்.

புத்தக அடுக்கின் உச்சியில் அவருடைய சொந்த நூல்கள் இருக்கும். கடையில் வாங்கியவை அல்ல. நாளிதழில் வரும் தொடர்கதையை வாரந்தோறும் கத்தரித்து, அடுக்கி, கதை முடிந்ததும் ஊசிநூலால் முதுகைத் தைத்து, பழைய நாட்காட்டித் தாளை அட்டையாக ஒட்டி அவரே செய்தவை. எங்கள் வீட்டுக்கு வந்தது 'தமிழ் நேசன்'. 1924ஆம் ஆண்டு தொடங்கி 2019ஆம் ஆண்டு நின்றுபோன அவ்விதழ், 1950ஆம் ஆண்டுவாக்கில் கதை எழுதப் பழக்குவதற்கென்றே 'கதை வகுப்பு' நடத்திய பெருமைக்குரியது. ஞாயிறு இதழ் வந்தால் தந்தையார் அரசியல் பக்கத்தை எடுத்துக்கொள்வார். கதைப் பக்கத்தை அம்மா அடுப்படிக்குக் கொண்டுபோய்விடுவார். சோறு கொதிக்கும் நேரம் அவருக்கு ஒரு பத்தி படிக்கும் நேரம். கத்தரித்தது போக எஞ்சிய தாளை ஊறவைத்து, இடித்து, கஞ்சிப் பசை கலந்து கொலுவுக்குக் கிளியும் யானையும் செய்வார். யானைக்குத் தும்பிக்கை ஒருமுறைகூட ஒழுங்காக அமைந்ததில்லை. அது வேறு கதை.

கலைமகள் பூசையன்று நூல்களைப் பூசையில் வைத்துவிட்டால், மறுநாள் விசயதசமியன்று எடுக்கும் வரை எதையும் படித்தல் ஆகாது என்பது மரபு. பிள்ளைகளாகிய எங்களுக்கு அது பெருவிழா. அம்மாவோ, "எனக்கு இன்னிக்குப் பட்டினி" என்பார்.

விசயதசமி முடிந்தால் தீபாவளிக்கு ஏறக்குறைய இருபது நாட்களே உள. அன்று தொடங்கும் பலகார வேலை. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஆலைக்கு எடுத்துச் சென்று திரித்து வரவேண்டும். நான்கு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு வறுத்த உளுத்தமாவு என்பது அம்மாவின் முறுக்குக் கணக்கு. நெய்யுருண்டைக்குப் பாசிப்பருப்பு மாவில் சீனியைக் கலந்து, காய்ந்த நெய்யை ஊற்றிய சூட்டிலேயே உருட்டவேண்டும், ஆறினால் உதிர்ந்துவிடும். அதனால் அந்நாட்களில் அவருடைய உள்ளங்கை சிவந்தே இருக்கும். அச்சுமுறுக்குக்கு அச்சை எண்ணெயில் காயவைத்து மாவில் தோய்க்கும்போது அதன் மேல்விளிம்பு மாவில் மூழ்கக் கூடாது. மூழ்கினால் முறுக்கு கழன்று வராது. இதையே மலாய் அண்டை வீட்டார் 'குவே ரோஸ்' என்பர். அவர்களுக்கும் எங்களுக்கும் பொதுவான பலகாரம் அது. கேக் சுடுவதற்கு மின்னடுப்பு கிடையாது. கரியடுப்பின்மேல் மணல் பரப்பிய சட்டியில் கலவைப் பாத்திரத்தை இறக்கி, மூடியின் மேலும் தணலைக் கொட்டி, மணம் வரும் வரை காத்திருப்பார். காத்திருக்கும் அந்நேரத்திலும் கையில் கதைப் பக்கம்தான். ஒருமுறை கதை சுவையாக இருந்ததால் கேக் கருகியது. அப்பா அதைக் கருப்புக் கேக் என்று சொல்லித் தின்றார்.

இனி நான் எழுதப்போவது என் பிழை. தந்தையார் பணி ஓய்வு பெற்றதும் குடியிருப்பு வீட்டைக் காலி செய்து அடுக்ககத்துக்கு மாறினோம். பொருள்களை ஒதுக்கும் பொறுப்பு என்னுடையது. அம்மா தைத்து வைத்திருந்த நூல்கள் இரண்டு பெட்டி நிறைய இருந்தன. கறையான் அரித்த பழைய தாள் என்று எண்ணி, பழைய பேப்பர் வாங்க வந்தவரிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். அம்மா மாலையில் கேட்டார், சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "போகட்டும் தம்பி, கதை முடிவெல்லாம் எனக்குத் தெரியுமே" என்றார். அவ்வாண்டு கலைமகள் பூசையில் எங்கள் புத்தகங்களின்மேல் ஒரே ஒரு பலகாரக் குறிப்பேடு இருந்தது. நான் நான்காம் வகுப்பில் பாதி எழுதி விட்ட கணக்கு நோட்டில், எஞ்சிய பக்கங்களில் அவர் எழுதியது. அது ஒன்றுதான் இன்றும் எங்களிடம் உள்ளது.

கூட்டத்தில் அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் போனதன் காரணம் இப்போது அன்பர்களுக்கு விளங்கியிருக்கும்.

சென்ற தீபாவளிக்கு அக்குறிப்பேட்டை எடுத்துவைத்துக்கொண்டு என் இல்லாளோடு நானும் முறுக்குப் பிழிந்தேன். இரண்டு கிலோ மாவுக்கே என் தோள்பட்டை இரு நாள் வலித்தது. அவர் இதனை முப்பது ஆண்டுகளாகச் செய்துவருகின்றார். அவரும் வேலைக்குச் சென்றவர்தாம். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் மசூதி இந்தியா வட்டாரத்திலும் தீபாவளிச் சந்தையில் முறுக்குப் பொட்டலங்கள் குவிந்திருப்பதை இப்போது நான் குறை கூறுவதில்லை. அவற்றுள் பலவும் ஏதோ ஒரு வீட்டில் ஏதோ ஒரு தாய் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்காகப் பிழிந்தவை. கடையில் வாங்கிய முறுக்கைத் தட்டில் அடுக்கி, ஒரே ஒரு பலகாரத்தை மட்டும் பிள்ளைகளோடு அமர்ந்து செய்யும் இல்லங்களையும் அறிவேன். சனிக்கிழமை இரவில் நெய்யுருண்டை உருட்டிக்கொண்டே பிள்ளைக்கு வாசிப்புப் பயிற்சி கொடுக்கும் தாயையும் கண்டிருக்கிறேன். மாவுக் கையால் பக்கத்தைப் புரட்ட இயலாது, பிள்ளைதான் புரட்டவேண்டும். பிள்ளைக்கு வாசிப்பு அப்படித்தான் வருகின்றது.

இன்னொன்றையும் நிர்வாகத்தினர் நாம் மறந்துவிடுகின்றோம். தீபாவளிக்குப் பொது விடுமுறை உண்டு. தைப்பூசத்துக்கும் 2008ஆம் ஆண்டு முதல் கோலாலம்பூரில் விடுமுறை உண்டு. நவராத்திரிக்கு ஒரு நாளும் கிடையாது. ஒன்பது இரவும் வேலை நாளின் களைப்போடுதான் தாய்மார்கள் படியேறி வருகின்றனர்.

ஆகவே, செயற்குழுவில் சிறு வாக்குவாதத்துக்குப் பின், இவ்வாண்டு சில மாற்றங்களைச் செய்துள்ளோம். வார நாட்களில் தீபாராதனை இரவு எட்டேகால் மணிக்கு. நேரத்தை மாற்றுவதா என்று கேட்ட பெரியவரிடம் குருக்கள், மாலைக் காலப் பூசையை உரிய வேளையிலேயே முடித்து, நவராத்திரிச் சிறப்புப் பூசையை மட்டும் பின்னர் வைப்பதில் தடையில்லை என்று விளக்கினார். கொலு மண்டபத்தின் பக்கத்தில் ஒரு நூல் அலமாரி வைத்துள்ளோம். ந. மகேசுவரி, பாவை, நிர்மலா இராகவன் முதலிய நம் நாட்டுப் பெண் எழுத்தாளர்களின் நூல்கள் வீட்டில் இருப்பின் கொடுத்து உதவலாம். கதைப் புத்தகமா ஆலயத்தில் என்று ஒருவர் கேட்டார். கலைமகளின் சன்னிதிக்குப் பக்கத்தில் வேறு எதை வைப்பது என்று நான் திருப்பிக் கேட்டேன். கலைமகள் பூசையன்று தாய்மார்கள் தத்தம் கைக்கருவி ஒன்றைக் கொண்டுவந்து பூசையில் வைக்கலாம். கத்தரிக்கோல், கோல அச்சு, முறுக்கு உரல், எதுவாயினும் சரி. பெயர் எழுதி ஒட்டிக் கொண்டுவாருங்கள், உரல்கள் ஒன்று போலவே இருக்கும். கைப்பேசியையும் வைக்கலாமா என்று அந்தக் கணக்கெழுதும் தங்கை கேட்டார். வைக்கலாம், ஆனால் மறுநாள் காலை வரை திரும்பக் கிடைக்காது என்றேன். சிரித்துக்கொண்டே யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.

எங்கள் வீட்டிலிருந்து அந்தக் கணக்கு நோட்டு வரும்.

சுண்டல் பட்டியலிலிருந்து மகளிர் பெயர்களை நீக்கிவிட்டேன். கொண்டைக்கடலை களைந்து ஊறவைக்கும் வேலை முந்திய நாள் இரவு ஒன்பது மணிக்கு ஆலயச் சமையற்கூடத்தில் நடைபெறும். இதுவரை ஏழு ஆடவர் பெயர் கொடுத்துள்ளனர். அவர்களுள் மூவர் சென்ற ஆண்டு கைதட்டியவர்கள். ஒன்பது இரவுக்கு ஏழு பேர் போதாது. விருப்பமுள்ளோர் அலுவலகத்தில் என்னிடம் பெயர் பதிந்துகொள்ளலாம்.