பலன் தந்தது மருந்துதானா?

ஒரு திட்டத்தைத் தொடங்குகிறோம், நோய் குறைகிறது. உடனே திட்டம் வெற்றி என்று கூறிவிடலாமா?

அமெரிக்காவில் 1952-இல் சுமார் 58,000 பேருக்கு இளம்பிள்ளை வாதம் கண்டது. மறு ஆண்டில் இது ஏறத்தாழ 35,000 ஆகக் குறைந்தது. 1953-இல் ஒரு தடுப்பூசியை நாடெங்கும் போட்டிருந்தால், புகழெல்லாம் அதற்கே போயிருக்கும். ஆனால் அவ்வாண்டு மக்களுக்குத் தடுப்பூசியே கிடையாது! இந்நோய் தானாகவே ஏறி இறங்கும் இயல்புடையது. எனவே, ‘முன்பு, பின்பு’ என ஒப்பிடுவது இங்கே பயன்படாது.

1954-இல் சால்க் உருவாக்கிய தடுப்பூசியைச் சோதிக்க இரு முறைகள் கையாளப்பட்டன. முதல் முறையில், பெற்றோர் சம்மதித்த இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு ஊசி போட்டனர். ஒன்றாம், மூன்றாம் வகுப்புக் குழந்தைகளை ஊசியின்றிக் கவனித்து வந்தனர். இரண்டாம் முறையில், சம்மதித்த குழந்தைகளையே குலுக்கல் போல இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குத் தடுப்பூசி. மற்றதற்கு மருந்தில்லாத போலி ஊசி. யாருக்கு எது என்று குழந்தைக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

முதல் முறையில் ஊசி போட்டவர்களுள் லட்சத்துக்கு 25 பேருக்கும், கவனிக்கப்பட்டவர்களுள் 54 பேருக்கும் நோய் கண்டது. இரண்டாம் முறையிலோ இவ்வெண்கள் 28, 71. அங்கே சம்மதிக்காத வீட்டுக் குழந்தைகளுள் 46 பேர்தாம்!

போலி ஊசி பெற்றவர்களும் சம்மதிக்காதவர்களும் மருந்து பெறாதவர்களே. பின் ஏன் இவ்வேறுபாடு? சம்மதித்தோருள் வசதியுள்ளோர் மிகுதி. சுகாதாரம் குறைந்த இடங்களில் வளரும் குழந்தையை இக்கிருமி கைப்பருவத்திலேயே தொற்றிவிடும். தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தி அப்போது காக்கும். பின்னர் சொந்த எதிர்ப்புச் சக்தியும் நிலைக்கும். தூய்மையான வீட்டுக் குழந்தைக்குத் தொற்று தாமதமாக வரும், ஆபத்தும் கூடும்.

இப்போது முதல் முறையின் குறை விளங்குகிறதல்லவா? ஊசி பெற்றவர் அனைவரும் சம்மதித்தவர். ஒப்பிடப்பட்டவர்களோ இரு வகையும் கலந்தவர். ஊசலின் அலைவு நேரம் நீளத்தைப் பொறுத்ததா என்று ஆராயும்போது, நீளத்தோடு இடத்தையும் மாற்றிவிட்டால் விடை எப்படித் தெளிவாகும்? இங்கே அக்குழப்பம் மருந்தின் திறனைக் குறைத்தே காட்டியது.

இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் போலி ஊசி போட்டது நியாயமா என்ற கேள்வி அன்றே எழுந்தது. ஆனால் பலன் உறுதியாகாத மருந்தைக் கோடிக்கணக்கானோருக்குப் போடுவதும் நியாயமாகாதே! 1955 ஏப்ரல் 12-இல் தாமஸ் பிரான்சிஸ் முடிவை அறிவித்தபோது, ஐயத்துக்கு அதிக இடமில்லாமற் போனதற்கு இரண்டாம் முறையே காரணம்.

இனி, ‘எங்கள் திட்டத்தால் இவ்வளவு பலன்’ என்று யாரேனும் கூறினால், ஒன்று கேளுங்கள்: யாரோடு ஒப்பிட்டீர்கள்?