காற்றுக்குக் கட்டும் காசு

கோலாலம்பூரில் சரக்கை இறக்கிவிட்டு ஈப்போவுக்குத் திரும்பும்போதெல்லாம் அப்பா ஒரு காரியம் செய்வார். நெடுஞ்சாலையில் ஏறுவதற்கு முன் வண்டியை ஓரங்கட்டி, பிக்கப்பின் பின்கதவைக் கீழே இறக்கிவிடுவார். "காத்து முட்டாம போகட்டும். எண்ணெய் மிச்சம்" என்பார். சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் லாரி ஓட்டிய காலத்திலிருந்தே அவருக்கு இது வேதவாக்கு.

அந்தத் தோட்டம் இப்போது செம்பனைக் காடு. லயத்து வீடுகள் இருந்த இடத்தில் இரண்டு மாமரங்கள்தான் அடையாளம். பக்கத்தில் குத்தகைக்கு எடுத்த துண்டு நிலத்தில் தேங்காய், வாழை இலை, வாழைப்பூ. வாரம் இரண்டு நடை தலைநகருக்கு. அப்பாவின் ஓய்வுக்காலப் பிழைப்பு அதுதான்.

2024 ஜூன் 10ஆம் தேதி, தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. தகுதி உள்ளவர்களுக்கு 'புடி மடானி' திட்டத்தில் மாதம் 200 வெள்ளி என்று அரசாங்கம் அறிவித்தது. அப்பா பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் கணக்குப் போட்டார். போகவர 400 கிலோமீட்டர். 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டர் என்றால் 40 லிட்டர். முன்பு 86 வெள்ளி. இனி 134 வெள்ளி. ஒரு நடைக்கு 48 வெள்ளி கூடுதல். மாதம் எட்டு நடைக்கு 384 வெள்ளி.

"வண்டிய வித்துடலாம்பா" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு தளர்ச்சியை நான் கேட்டதே இல்லை. ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்க்கும் எனக்கு, அன்றிரவு தூக்கம் வரவில்லை. டீசல் விலை நம் கையில் இல்லை. ஆனால் அந்த 40 லிட்டரில் எத்தனை லிட்டர் வீணாகிறது என்று பார்க்கலாமே!

காய்ந்த இலை சொன்ன பாடம்

நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு பிக்கப்பின் இயந்திரம் பெரும்பாலும் காற்றோடுதான் மல்லுக்கட்டுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். சாதாரணக் காரின் கூரை பின்னால் மெல்லச் சரிந்து இறங்கும். காற்றும் அதை ஒட்டியே வழுக்கிப்போகும். பிக்கப்பில் ஓட்டுநர் அறை முடிந்த இடத்தில் சுவர்போல் ஒரு வெட்டு. காற்று அங்கே பிய்ந்து, சுழன்று, வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது.

அப்படியானால் பின்கதவை இறக்குவது சரிதானே? இல்லை. இதற்கு ஆதாரம் எங்கள் வண்டியிலேயே இருந்தது. பின்கதவை மூடி ஓட்டிய நாட்களில், தொட்டியில் கிடக்கும் காய்ந்த இலைகள் பின்கதவு ஓரத்தில் சேருவதில்லை. ஓட்டுநர் அறையின் முதுகில்தான் குவிந்து கிடக்கும். தொட்டிக்குள் காற்று ஒரு பெரிய உருளைபோல் சுழல்கிறது. தரையை ஒட்டி முன்னோக்கி ஓடுகிறது. மேலே வரும் காற்று அந்த உருளையின் மேல் ஏறி வழுக்கிப்போகிறது. பின்கதவை இறக்கினால் உருளை கலைந்து, காற்று தொட்டிக்குள் சரிந்து விழுகிறது. அமெரிக்காவின் 'மித் பஸ்டர்ஸ்' தொலைக்காட்சிக் குழு இரண்டு பிக்கப்புகளை ஓட்டிப் பார்த்தபோதும், கதவை மூடிய வண்டிதான் அதிக தூரம் ஓடியது.

அப்பாவிடம் இலைக்குவியலைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "முப்பது வருஷமா கூட்டித் தள்ளுறேன். ஏன் அங்க சேருதுன்னு கேக்கலையே" என்றார்.

சைக்கிளில் போன பொறியாளர்

வீட்டில் செய்யும் இந்த வேலைக்கு ஒரு முன்னோடி உண்டு. 1970களில் நாசாவின் கலிபோர்னியா விமான ஆய்வு மையத்தில் எட்வின் சால்ட்ஸ்மேன் என்ற பொறியாளர் இருந்தார். சைக்கிளில் வேலைக்குப் போகும்போது, கடந்துபோகும் லாரிகள் தன்னை முதலில் தள்ளுவதையும் பிறகு இழுப்பதையும் கவனித்தார். நம் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு அந்த உதறல் நன்றாகவே தெரியும்.

அவருடைய குழு ஒரு பழைய வேனை எடுத்து, அலுமினியத் தகடுகளால் சதுரப் பெட்டியாக்கி ஓட்டிப் பார்த்தது. பிறகு கூர்மையான முனைகளை வளைத்து உருட்டினார்கள். காற்றின் இழுவை பாதிக்கு மேல் குறைந்தது. அவர்கள் பயன்படுத்திய ஓர் எளிய உத்தி, வண்டியின் மேல் சிறு நூல் துண்டுகளை ஒட்டிப் பார்ப்பது. நானும் கம்பளி நூலைத் துண்டு துண்டாக வெட்டி, ஒட்டுநாடாவால் ஒட்டினேன். தம்பி காரை ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் படம் பிடித்தேன். நேராகப் பின்னால் படுத்த நூல் நல்ல செய்தி. பேயாடும் நூல் இருக்கும் இடத்தில் காசு போகிறது. கூரைமேல் இருந்த இரும்புக் கேரியரைச் சுற்றி எல்லா நூலும் பேயாடியது.

பறந்த பலகை

அன்றே கேரியரைக் கழற்றினோம். அடுத்து, தொட்டிக்கு ஒரு மூடி. தேர்தல் பதாகைக்குப் பயன்படுத்தும் இம்ப்ராபோர்டு பலகையை வெட்டி, கேபிள் டையால் கட்டினேன். எடை குறைவு, விலையும் குறைவு. எனக்கு ஒரே பெருமை.

கோப்பெங் தாண்டியதும் 'படார்' என்றொரு சத்தம். ஒரு மூலை பிய்ந்து எழும்பி அடித்துக்கொண்டிருந்தது. மெதுவாக ஓரங்கட்டினோம். அப்பா திட்டவில்லை. "பின்னால ஒரு பிள்ள மோட்டார்ல வந்திருந்தா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது?

மறுநாள் அவரே தடித்த கேன்வாஸை எடுத்தார். ஒட்டுப்பால் மூட்டை ஏற்றிய காலத்துக் கயிற்றுக் கட்டு. குறுக்கே மூன்று அலுமினியச் சட்டம், அதன்மேல் கேன்வாஸ், விரல் நுழையாத இறுக்கம். படபடக்கும் தார்ப்பாய் காற்றைத் தின்னும். முரசுபோல் இறுகிய தார்ப்பாய் காற்றை வழுக்கவிடும். சரக்கு அடுக்குவதிலும் அவர் கை தனி. உயரமானவை ஓட்டுநர் அறையை ஒட்டி, தாழ்ந்தவை பின்னால் என்று மெல்லிய சரிவாக அடுக்கினார். சரிவு மெதுவாக இருக்கும்வரை காற்று ஒட்டி வரும்; சட்டென்று இறங்கினால் பிய்ந்துவிடும்.

நீங்களும் செய்து பார்க்க நினைத்தால் சில எச்சரிக்கைகள். ரேடியேட்டருக்குக் காற்றுப் போகும் வழியை அடைக்காதீர்கள். நம் வெயிலில் இயந்திரம் கொதித்துவிடும். புகைக்குழாய் பக்கம் பிளாஸ்டிக் வைக்காதீர்கள். விளக்கும் எண் பட்டையும் மறையக்கூடாது. வண்டியின் அமைப்பையே மாற்றுவதாக இருந்தால், முதலில் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் கேளுங்கள்.

மீட்டர் பொய் சொல்லாது

பலனை அளக்க ஒரே வழிதான் உண்டு. ஒரே நிலையத்தில், ஒரே பம்பில், முதல் 'கிளிக்' வரை தொட்டியை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரையும் அடுத்த முறை பிடித்த லிட்டரையும் எழுதிவையுங்கள். ஒரு நடை போதாது. மழையும் சுமையும் கணக்கைக் குழப்பும். எங்கள் நோட்டுப் புத்தகத்தில் கேரியரைக் கழற்றிய பலன் தெளிவாகத் தெரிந்தது. கேன்வாஸின் பலன் சிறியது. மழை நடைகளில் தெரியவே இல்லை. இவை இரண்டையும்விடப் பெரிய பலன் தந்தது, காசே செலவில்லாத ஒரு மாற்றம். 110இல் ஓடிய வண்டியை 90க்குக் குறைத்தோம்.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 110இலிருந்து 90க்கு இறங்கினால் காற்றின் எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. 200 கிலோமீட்டருக்குக் கூடுதலாக ஆகும் நேரம் சுமார் 24 நிமிடம். தாப்பா ஓய்விடத்தில் ஒரு தே தாரிக் குடிக்கும் நேரம்!

ஏறிய விலை முழுவதையும் இது ஈடுகட்டவில்லை. ஆனால் வண்டியை விற்கும் பேச்சு நின்றுவிட்டது. அது போதும் எனக்கு.

போன வாரம் இருவரும் காலி வண்டியில் திரும்பினோம். அப்பா இறங்கிப்போய்ப் பின்கதவு சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். இடது தடத்தில் 90இல் போய்க்கொண்டிருந்தோம். கூரைமேல் ஏணி கட்டிய ஒரு பிக்கப், பின்கதவைத் தொங்கவிட்டபடி எங்களைத் தாண்டிப் பறந்தது.

அப்பா சிரித்தார். "பாவம், காத்த வெல கொடுத்து வாங்கிட்டுப் போறான்."