கூரை வீட்டைத் தாங்குவது எது?

மாநகருக்குள் அடங்கிவிட்ட பழங்காநத்தம் போன்ற ஊர்களில் ஓலைக்கூரை வீடு அரிதாகிவிட்டது. மதுரையைச் சுற்றியுள்ள வயல்பக்கம் போனால் காவல் குடிசையாக, மாட்டுக் கொட்டகையாக இன்னும் நிற்கிறது.

அதன் சூட்சுமம் எளிது. பாரம் முழுவதும் மரச்சட்டத்தின் மேல். மண்சுவர் வெயிலையும் காற்றையும் மறிப்பதோடு சரி. நடுவில் இரண்டு உயரமான கவைக்கால்கள். அவற்றின் கவையில் முகட்டுவளை உட்காரும். ஓரத்தில் குட்டைக்கால்கள், அவற்றின் மேல் பக்கவளை. முகட்டிலிருந்து பக்கவளைக்குச் சரிந்து வருபவை பனங்கைகள். குறுக்கே மூங்கில் வரிச்சு. எல்லாத்தையும் பிணைப்பது ஆணியல்ல, நாரும் கயிறும்தான். ஆடிக்காத்து அடிச்சாலும் கட்டு சற்று இளகிக் கொடுக்கும்.

இந்த மண்ணுக்கு மரச்சட்டம் புதுசில்லை. மதுரைக்குத் தென்கிழக்கே கீழடியில், 2,000 ஆண்டுகளுக்கும் முந்தைய குடியிருப்பில், மரக்கால் நட்ட குழித்தடங்களும், கட்டுவதற்குத் துளையிட்ட கூரை ஓடுகளும் கிடைத்தன. மேலே ஓடு, தாங்கியது மரம்.

பனையில் வெளிப்பக்கம்தான் வைரம், நடுவில் சோறு. அதனால் முற்றிய மரமே கைக்கு ஆகும். இதற்காகப் பனையை வெட்ட வேண்டாம். வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்துவிட்டார்கள். பழைய வீடு பிரிக்கிற இடத்தில் நல்ல கைகள் கிடைக்கும்.

கூரைச் சரிவு 45 பாகை அளவுக்கு இருக்கணும். சரிவு குறைந்தால் தண்ணி தங்கி ஓலை மக்கும். இறவாணத்தை இரண்டடி வெளியே நீட்டினால் மண்சுவர் நனையாது. ஓலையைக் கீழிருந்து மேலாக மேயணும். தென்னங்கீற்று ஒன்றிரண்டு வருசம் வரும், பனையோலை மூன்று நான்கு வருசம். பிரித்த ஓலை வயலுக்கு மூடாக்கு.

குறை, தீ. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம். தீ பற்றியது ஓலைக்கூரையில்தான். அடுப்படிக்கும் பிள்ளைகள் கூடும் இடத்துக்கும் ஓலை வேண்டாம்.

2030-க்குள் குடிசையே இல்லாமல் ஆக்க, ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் அரசு தருகிறது. ஒழுகும் குடிசையில் கிடந்த குடும்பம் காங்கிரீட் வீட்டுக்குப் போவது நியாயம். ஆனால் குடிசையோடு கூரை மேயத் தெரிந்த கைகளும் போய்விடக் கூடாது. வரும் சித்திரையில் உங்க மாட்டுக் கொட்டகைக்கு ஊர்ப் பெரியவர் ஒருவரை அழையுங்கள். கீழே நின்று ஓலை எடுத்துக் கொடுக்க இளசுகள் இரண்டு பேரை நிறுத்துங்கள்.