பூங்காவுக்கு அடியில் ஓர் ஊர்

ஹிரோஷிமாவுக்குச் சென்றுவந்தேன் என்றதும் நண்பர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "அங்கே இன்னும் கதிர்வீச்சு இல்லையா?" செர்னோபிலைச் சுற்றிய பகுதியில் இன்றும் குடியிருக்கத் தடை நீடிக்கும்போது, அணுகுண்டே வீசப்பட்ட நகரத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எப்படி வாழ்கிறார்கள் என்ற ஐயம் நியாயமானதே. 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15 மணிக்கு வீசப்பட்ட குண்டு, தரையைத் தொடுவதற்கு முன்பே, ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. அதிலிருந்த சுமார் 64 கிலோ யுரேனியத்தில் பிளவுற்றது ஒரு கிலோவுக்கும் குறைவுதான். கதிரியக்கப் பொருள்களின் பெரும்பகுதி புகையோடு மேலெழுந்து வெகுதூரம் பரவியது. தரையில் உண்டான கதிரியக்கமும் விரைவாகத் தணிந்தது. செர்னோபிலிலோ டன் கணக்கில் எரிபொருள் நிறைந்த உலை திறந்த நிலையில் நாள் கணக்கில் எரிந்தது.

மேலெழுந்ததில் ஒரு பங்கு, கருப்பு மழையாகத் திரும்பி வந்தது. அரசு வரைந்த எல்லைக்கு வெளியே அந்த மழையில் நனைந்த 84 பேரைப் பாதிக்கப்பட்டவர்களாக ஏற்க வேண்டும் என்று ஹிரோஷிமா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2021-ல்தான்.

எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு அங்கே புல் பூண்டு முளைக்காது என்று அப்போது ஒரு பேச்சு பரவியிருந்தது. ஆனால், மூன்றே நாளில் டிராம் வண்டி ஒரு தடத்தில் ஓடத் தொடங்கியது. எரிந்த மண்ணில் முதலில் பூத்ததாகச் சொல்லப்படும் அரளிதான் இன்று அந்நகரின் அதிகாரபூர்வ மலர். நம் நெடுஞ்சாலைகளின் நடுவே புழுதி படிந்து நிற்கும் அதே அரளி!

கதிர்வீச்சைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொரு கேள்வி. இந்த நகரத்தில் எதை மீண்டும் கட்டுவது, எதைக் கட்டாமல் விடுவது என்று யார் முடிவு செய்தார்கள்?

இரண்டு ஆறுகளுக்கு இடையே விரிந்திருக்கும் அமைதி நினைவுப் பூங்காவில் நிற்கும்போது, அது என்றைக்கும் பூங்காவாகவே இருந்திருக்கும் என்றுதான் தோன்றும். மரங்களும் புல்வெளியும் அவ்வளவு இயல்பாக அமைந்திருக்கின்றன. உண்மையில் அந்த இடம் நகாஜிமா என்ற நெருக்கமான குடியிருப்பு. கடைகளும் கோயில்களும் மருத்துவமனைகளுமாக, 4,000-க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த பகுதி. அதில் எஞ்சிய ஒரு கட்டிடம், ஓய்வு இல்லம் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. குண்டு வெடித்த நேரத்தில் கோப்பு எடுக்க அதன் நிலவறைக்கு இறங்கியிருந்த ஓர் ஊழியர் மட்டும் உயிர் பிழைத்தார். அழிந்த வீதிகளின் மேல் மண்ணைக் கொட்டி உயர்த்தித்தான் பூங்கா அமைக்கப்பட்டது. 2022-ல் திறக்கப்பட்ட சிறிய காட்சிக்கூடத்தில், தோண்டியெடுத்த அந்தப் பழைய தரையைப் பார்க்கலாம்: வீடு இருந்த இடம், கருகிய மரம், தெரு. அருங்காட்சியகத்தில் மொய்த்த கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட நான் இங்கே காணவில்லை.

ஊரை ஏன் மீண்டும் கட்டவில்லை? நகராட்சியிடம் பணம் இல்லை. வரி செலுத்தக் குடிமக்களும் இல்லை. நகரின் நடுவில் இருந்த நிலத்தில் பெரும்பங்கு ராணுவத்துக்கு, அதாவது மத்திய அரசுக்குச் சொந்தம். 1894-ல் சீனாவுடன் போர் மூண்டபோது பேரரசரின் போர்த் தலைமையகமே இங்குதான் இயங்கியது. மேயர் ஷின்சோ ஹமாயும் மற்றவர்களும் அழுத்தம் கொடுத்து, 1949-ல் 'அமைதி நினைவு நகரம்' அமைப்பதற்கென்றே தனிச் சட்டம் கொண்டுவரச் செய்தார்கள். நகர மக்களின் வாக்கெடுப்பில் பெரும்பான்மை ஆதரவு கிடைத்து, ஆகஸ்ட் 6 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அரசு நிலத்தை இலவசமாகப் பெற வழி பிறந்தது. போர் நகரம் அமைதி நகரமானதற்குப் பின்னால் இப்படி ஒரு நில ஏற்பாடும் இருந்ததைச் சொல்வதால் அந்த அமைதியின் மதிப்பு குறைந்துவிடாது. ஆனால், இழப்பும் இருந்தது. குண்டுக்குத் தப்பி, பூங்கா நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஆற்றங்கரையில் ஒண்டியவர்களின் குடியிருப்புக்கு 'அணுகுண்டுச் சேரி' என்றே பெயர் விழுந்தது. அவர்களுக்காக மோட்டோமாச்சியில் எழுந்த அடுக்குமாடி வீடுகள் முழுமை பெற்றது 1978-ல். குண்டு விழுந்து 33 ஆண்டுகள் கழித்து.

இன்று உலகமே அறிந்த குவிமாடக் கட்டிடமும் தானாக நிலைத்துவிடவில்லை. 1915-ல் செக் நாட்டுக் கட்டிடக் கலைஞர் யான் லெட்செல் வடிவமைத்த அந்தக் கண்காட்சி அரங்கம் இடிபாடாக நின்றது. பார்க்கும்போதெல்லாம் அந்த நாள் நினைவுக்கு வருகிறது, இடித்துவிடுங்கள் என்று உயிர் பிழைத்தவர்களிலேயே பலர் கேட்டார்கள். நிரந்தரமாகப் பாதுகாப்பதென நகர மன்றம் தீர்மானித்தது 1966-ல்தான். இடிக்கச் சொன்னவர்களின் பக்கமும் நியாயம் இருந்தது என்றே கருதுகிறேன். நமக்குச் சின்னம்; அவர்களுக்கோ அது தங்கள் தெரு.

பூங்காவின் நடுவிலுள்ள நினைவிடத்தின் கல்வெட்டு, அந்தத் தவறு மீண்டும் நேராது என்று இறந்தோருக்கு உறுதி கூறுகிறது. யாருடைய தவறு? ஜப்பானிய மொழியில், தமிழைப் போலவே, எழுவாய் இல்லாமலும் வாக்கியம் அமையும். டோக்கியோ போர்க்குற்றத் தீர்ப்பாயத்தில் மாறுபட்ட தீர்ப்பெழுதிய இந்திய நீதிபதி ராதாபினோத் பால், 1952-ல் இங்கு வந்து அந்த வாசகத்தைக் கண்டித்தார். குண்டை வீசியவர்கள் ஜப்பானியர்கள் அல்லவே என்பது அவருடைய வாதம். மனிதகுலம் முழுமையும்தான் அதன் எழுவாய் என்பது நகராட்சியின் விளக்கம். அந்த விளக்கம் உயர்ந்ததுதான். ஆயினும், கொரியர்களை எண்ணும்போது அது எனக்கு உறுத்துகிறது. ஜப்பானின் காலனிய ஆட்சியில், கட்டாய உழைப்புக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் உட்பட ஆயிரக்கணக்கான கொரியர்கள் இங்கு மடிந்தார்கள். அவர்களுக்காக 1970-ல் எழுப்பப்பட்ட நினைவுத் தூண் பூங்காவுக்கு வெளியேதான் நின்றது. அது ஆற்றைத் தாண்டி உள்ளே வர 1999 வரை ஆயிற்று.

1945 இறுதிக்குள் இறந்தவர்கள் சுமார் 1,40,000 பேர் என மதிப்பிடப்படுகிறது. ஹிரோஷிமா, நாகசாகி குண்டுவீச்சுகளில் பாதிக்கப்பட்டவர்களாக அரசு அங்கீகரித்தோரில், 2025 மார்ச் கணக்குப்படி எஞ்சியிருந்தோர் 99,130 பேர். சராசரி வயது 86.

பூங்காவின் வடபகுதியில் புல் மூடிய மண்மேடு ஒன்று இருக்கிறது. முன்பு கோயில் இருந்த அந்த இடத்தில்தான், குண்டு விழுந்த பிறகு உடல்களைக் கொண்டுவந்து எரித்தார்கள். ஏறத்தாழ 70,000 பேரின் அஸ்தி அதற்குள் இருக்கிறது. பெரும்பாலோர் யாரென்றே தெரியாது. 800-க்கும் மேற்பட்டோருக்குப் பெயர் தெரியும். ஆனால், பெற்றுச் செல்ல எவரும் வரவில்லை. குடும்பம் முழுவதும் மடிந்திருந்தால் யார் வருவார்கள்? நகராட்சி அந்தப் பெயர்களை ஆண்டுதோறும் சுவரொட்டியாக அச்சிட்டு ஜப்பான் முழுவதும் உள்ள உள்ளாட்சி அலுவலகங்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.