ஏ.சி. பில்டர் வாங்கப் போகிறீர்களா?

ஏ.சி. வாங்கும்போது எத்தனை பி.ரி.யூ., இன்வேர்ட்டரா, எத்தனை வருட உத்தரவாதம் என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறோம். பில்டரைப் பற்றி எவரும் கேட்பதில்லை. பிள்ளைக்கு முட்டு வருத்தம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் கடைக்கு ஓடி வருகிறார்கள். "நானா, நல்ல பில்டர் ஒன்று தாங்க, விலை பரவாயில்லை" என்பார்கள். விலை பரவாயில்லை என்பவரிடம் எதையும் விற்றுவிடலாம். அதனாலேயே இதை எழுதுகிறேன்.

எமது வீடுகளில் பெரும்பாலும் சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏ.சி.தான். முன்மூடியைத் தூக்கினால் நைலோன் வலைத் தட்டுகள் தெரியும். பஞ்சு, தலைமுடி, பெரிய தூசி ஆகியவற்றை அவை பிடிக்கும். வாகனப் புகையிலுள்ள நுண்தூசியைப் பிடிக்க மாட்டா. கொயிலைத் தூசி மூடாமல் காப்பதே அவற்றின் முதல் வேலை. இன்னொன்று, சாதாரண ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே எடுப்பதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றி அனுப்புகிறது.

வலையின் மேல் செருகும் சிறு பட்டிகளும் சந்தையில் உண்டு. கறுப்பு நிறத்தில் கார்பன், பிறகு கெட்டச்சின், வெள்ளி அயன் என்று பல பெயர்கள். கார்பன் ஓரளவு மணத்தை உறிஞ்சும். நிரம்பிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது, கழுவிப் புதுப்பிக்க முடியாது. பட்டி வலையின் ஒரு பகுதியைத்தான் மறைக்கிறது. மிச்சக் காற்று அதன் பக்கத்தாலேயே போய்விடும். வாங்குவது உங்கள் விருப்பம், ஆனால் மருந்தென்று நினைத்து வாங்காதீர்கள்.

'ஹெப்பா' என்ற சொல்லில்தான் அதிக ஏமாற்று நடக்கிறது. உண்மையான ஹெப்பா 0.3 மைக்ரோன் அளவுத் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். 'ஹெப்பா டைப்' என்று அச்சிட்டிருந்தால் அது ஹெப்பா அல்ல. உண்மையானதே கிடைத்தாலும் ஸ்பிளிட் ஏ.சி.யின் சிறு விசிறியால் அந்த அடர்த்தியான தாளினூடாகக் காற்றை இழுக்க முடியாது. காற்றோட்டம் குறையும், கொயிலில் ஐஸ் கட்டும், சுவரில் தண்ணீர் வடியும். வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய மேர்வ் 13 பில்டரை வெட்டி ஒட்டிவிட்டு, காஸ் இறங்கிவிட்டது என்று முறையிட்ட ஒருவரைக் கண்டிருக்கிறேன். மேர்வ் இலக்கம் குழாய் வழியாகக் காற்று அனுப்பும் பெரிய தொகுதிகளுக்கு உரியது.

ஆகவே ஏ.சி.க்கு அதன் மொடலுக்குரிய வலையே போதும். கிழிந்திருந்தால் பழையதைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். ஓரத்தில் இடைவெளி விட்டால் தூசி அவ்வழியால் போகும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையும், பாதையோர வீடென்றால் வாரம் ஒரு தடவையும் சாதாரண தண்ணீரில் கழுவி நிழலில் காய வையுங்கள். சுடுதண்ணீரில் சட்டம் வளைந்துவிடும். அடைபட்ட பில்டரை மாற்றினால் மின்பாவனை 5 முதல் 15 சதவீதம் வரை குறையலாம் என்பது அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் கணக்கு. 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் ஏறியபோது பட்ட பாடு எவருக்கும் மறந்திராது.

வெள்ளி இரவில் சாம்பிராணி போடும்போது ஏ.சி.யை நிறுத்திவிடுங்கள். புகை வலையைக் கடந்து ஈரக் கொயிலில் படியும். பின்னர் வரும் நாற்றம் பில்டர் மாற்றுவதால் போகாது, கொயிலையே கழுவ வேண்டும்.

முட்டுள்ள பிள்ளை இருக்கும் வீட்டில், காசு செலவழிப்பதானால் ஹெப்பா பொருத்திய தனியான காற்றுச் சுத்திகரிப்பானுக்குச் செலவழியுங்கள். 2022 டிசம்பரில் காற்று மாசடைந்து பாடசாலைகளை மூடிய நாள் போன்ற நாட்களில் அதுதான் உதவும். பெட்டியில் சி.ஏ.டி.ஆர். என்ற எண்ணைப் பாருங்கள். பத்துக்குப் பத்தடி அறையென்றால் மணிக்குச் சுமார் 125 கனமீற்றராவது இருக்க வேண்டும். டாக்டர் தந்த இன்ஹேலரை அதற்காக நிறுத்திவிடக் கூடாது. காசு கொடுக்கும் முன், மாற்றுப் பில்டர் இங்கே கிடைக்குமா, என்ன விலை என்று கேளுங்கள். கடைக்காரர் தடுமாறினால் அடுத்த கடைக்குப் போங்கள்.