பாட்டில் சாஸும் பள்ளிபாளையம் கோழியும்

சேலத்திலும் நாமக்கல்லிலும் மாலை நேர ஃபாஸ்ட் ஃபுட் கடைகளின் அடுப்பருகே நிற்கும் சோயா சாஸ், சில்லி சாஸ், தக்காளி சாஸ், வினிகர் ஆகிய நான்கு பாட்டில்களும் இன்று வீட்டுச் சமையலறை அலமாரியிலும் இடம்பிடித்துவிட்டன. இவற்றைக் கொண்டு ஆக்கப்படும் ஃப்ரைடு ரைஸையும் சில்லி சிக்கனையும் சீன உணவு என்று சொல்வது வழக்கமானாலும், அவை கொல்கத்தாவில் குடியேறிய சீனர்கள் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் சேர்த்து இந்திய நாக்குக்கு ஏற்ப மாற்றிய சமையலின் வழிவந்தவை. சிக்கன் மஞ்சூரியன்கூட 1975-ல் மும்பையில் நெல்சன் வாங் என்ற கொல்கத்தாச் சீனச் சமையற்கலைஞர் உருவாக்கியது என்றே கருதப்படுகிறது. பாட்டிலில் இருப்பது என்ன, இறைச்சியில் அது என்ன செய்கிறது என்று தெரிந்து ஊற்றினால் இவை பெரிதும் உதவும். தெரியாமல் ஊற்றும்போது கோழியும் காளானும் காலிஃபிளவரும் ஒரே சுவையாகிவிடுகின்றன.

இவற்றுள் நுட்பமானது சோயா சாஸ். வேகவைத்த சோயாவோடு வறுத்து உடைத்த கோதுமையைக் கலந்து, அஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்னும் பூஞ்சையை அதில் வளரவிட்டு, பின்னர் செறிந்த உப்புநீரில் மாதக்கணக்கில் ஊறவைத்துப் பிழிந்தெடுப்பதே அதன் பழைய முறை. பூஞ்சை சுரக்கும் நொதிகள், அதாவது பெரிய மூலக்கூறுகளை உடைத்துச் சிறிதாக்கும் புரதங்கள், சோயாவின் புரதத்தை அமினோ அமிலங்களாகவும் கோதுமையின் மாவுச்சத்தைச் சர்க்கரையாகவும் பிரிக்கின்றன. இவ்விரண்டும் சூடான இரும்புச் சட்டியில் சேரும்போது பழுப்பேறி வறுவல் மணம் எழுகிறது. 1912-ல் இதை விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மையாரின் பெயரால் இது மையார் வினை எனப்படுகிறது. மலிவு விலைப் பாட்டில்கள் பலவற்றில் இருப்பதோ, சோயாப் புரதத்தை அமிலத்தால் விரைந்து உடைத்து, அந்த அமிலத்தைக் காரத்தால் முறித்து, கேரமலால் கருநிறமேற்றிய கரைசல். அதில் உப்பும் அழுத்தமான சுவையும் உண்டு, மாதக்கணக்கில் ஊறியதால் வரும் மணம் இல்லை.

அமினோ அமிலங்களுள் குளூட்டமேட் தரும் சுவையை உமாமி என்று அழைத்தவர், 1908-ல் கொம்பு என்னும் கடற்பாசியிலிருந்து அதைப் பிரித்தெடுத்த டோக்கியோ பேராசிரியர் கிகுனே இகேடா. அடுத்த ஆண்டே அஜினமோட்டோ என்ற பெயரில் கடைக்கு வந்த குளூட்டமேட்டின் சோடியம் உப்பு இன்று கரும்பு, மக்காச்சோளம், மரவள்ளி முதலியவற்றின் சர்க்கரையை நுண்ணுயிரிகளைக் கொண்டு நொதிக்கவைத்துத் தயாரிக்கப்படுகிறது. பழுத்த தக்காளியிலும் கருவாட்டிலும் காளானிலும் இயல்பாகவே இருப்பதும் இதே குளூட்டமேட்தான் என்பதால், அதன் பெயரைக் கேட்டே அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது உப்புக்கே: ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி, சோயா சாஸில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது, ஒருவர் ஒரு நாளில் 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாகவே கொள்ள வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு அமைப்பு. ஆகவே சோயா சாஸை உப்பின் கணக்கிலேயே சேர்த்து, கல்லுப்பை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்வதே முறை.

சாஸின் கெட்டிப்பதம் மாவுச்சத்தால் வருவது என்பதால், சேலத்து மண்ணுக்கு அதில் நேரடி உறவு உண்டு. குச்சிக்கிழங்கு என்று இப்பகுதியினர் சொல்லும் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் எடுக்கும் தொழில் 1940-களில் இங்கே வேரூன்றியது. ஆலைகளின் கூட்டுறவு அமைப்பான சேகோசர்வ் 1981-ல் சேலத்தில் தொடங்கப்பட்டது. சேலம் ஜவ்வரிசி 2023-ல் புவிசார் குறியீடும் பெற்றது. மாவுச்சத்தின் மணிகள் சூடான நீரில் நீரை உறிஞ்சிப் பருத்துக் குழம்பைக் கெட்டியாக்குகின்றன. ஆனால் புளிப்பு மிகுந்த சாஸில் நெடுநேரம் கொதித்தால் அவை சிதைந்து மீண்டும் நீர்த்துப்போகும் என்பதால், ஆலைச் சாஸ்களில் மாவுச்சத்தின் இழைகளை வேதிமுறையில் ஒன்றோடொன்று பிணைத்து அமிலத்தைத் தாங்கவைக்கிறார்கள். சாஸ் பாட்டிலின் லேபிளில் ஐ.என்.எஸ். 1422 என்று காணப்படும் எண் இத்தகைய ஸ்டார்ச்சைக் குறிப்பது. வீட்டில் கார்ன்ஃப்ளாரையோ மரவள்ளி ஸ்டார்ச்சையோ தண்ணீரில் கரைத்து ஊற்றும்போதும், அதைக் கடைசியில் சேர்த்து, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுவது இதனால்தான்.

தக்காளி சாஸின் லேபிளில் 211 என்றிருப்பது சோடியம் பென்சோயேட் என்னும் கெடாப்பொருள். 260 என்பது வினிகரின் புளிப்பான அசிட்டிக் அமிலம். தக்காளிக்கு இணையாகச் சர்க்கரையும் சுவைக்குக் காரணமாவதால், தக்காளி சாஸை முதலிலேயே ஊற்றினால் அடிபிடித்துக் கருகும்.

முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லில் மயோனைஸைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பச்சை முட்டையால் தயாரிக்கும் மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது. வேகாத முட்டையிலிருந்து சால்மோனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் பரவக்கூடும் என்பதே காரணம். குறை முட்டையில் இல்லை, வேகவைக்காமல் கலந்து வெளிச்சூட்டில் மணிக்கணக்கில் வைத்திருப்பதில் இருக்கிறது.

இனி இறைச்சி. ஆறேழு வாரங்களில் வளர்ந்துவிடும் பிராய்லர் கோழியின் சதை மென்மையானது, தனக்கென்று அழுத்தமான சுவை குறைந்தது, விரைவில் வேகக்கூடியது. கடுந்தீயில் சில நிமிடங்களில் முடியும் சமையலில் மசாலா உள்ளிறங்க நேரமில்லாததால், கரைந்த நிலையிலேயே உப்பும் புளிப்பும் உமாமியும் தரும் சாஸ் அங்கே மிகப் பொருத்தமானது. துண்டுகளைச் சிறிது சோயா சாஸில் அரைமணி நேரம் ஊறவைத்தால் உப்பு சதைக்குள் சென்று ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். வினிகரின் புளிப்பு மேற்பரப்பைத் தாண்டி அதிகம் செல்லாது என்பதோடு, சூட்டில் ஆவியாகிவிடும் என்பதாலும் அதை இறக்கும் தறுவாயில் சேர்ப்பதே பயன் தரும். ஆனால் முட்டையிட்டு ஓய்ந்தபின் இறைச்சிக்கு வரும் லேயர் கோழிக்கும் நாட்டுக்கோழிக்கும் இந்த முறை உதவாது. அவற்றின் முற்றிய தசைநார்கள் இளக நெடுநேரச் சூடு வேண்டும்; அந்த நேரத்தில் சாஸ் சுண்டி உப்புக் கரிக்கும்.

அந்த நெடுநேரச் சமையலில் இப்பகுதி கண்ட அருமையான முடிவு, ஈரோட்டுக்கு எதிரே காவிரியின் மறுகரையில் உள்ள பள்ளிபாளையத்தின் பெயரால் வழங்கும் கோழி வறுவல். விதை நீக்கிய வரமிளகாய், ஏராளமான சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு, தேங்காய்ப் பல் ஆகியவற்றோடு எண்ணெயில் கோழியைப் போட்டு, அது விடும் நீரிலேயே வேகவைத்துச் சுருள வதக்குகிறார்கள். மசாலாப் பொடி எதுவும் சேர்ப்பதில்லை. பாட்டிலிலிருந்து பெறும் இனிப்பை இங்கே வெங்காயம் கரைந்து தருகிறது; நிறத்தை வரமிளகாயும், வறுவல் மணத்தைக் கோழியின் சொந்தச் சாறு சட்டியில் சுண்டிப் பழுப்பேறுவதும் தருகின்றன. இதில் ஒரு கரண்டி சோயா சாஸ் விழுந்தாலும் தேங்காயின் மெல்லிய இனிப்பு மறைந்து, சிவந்த வறுவல் கருத்துவிடும் என்பதால், சில்லி சிக்கனுக்கு எடுத்த பாட்டிலைப் பள்ளிபாளையம் கோழிக்கு எடுக்காமல் இருப்பதே அந்த இரண்டு உணவுக்கும் நல்லது.